டிரைவ் எழுத்து டிஸ்க்கில் இல்லை, விண்டோஸின் நினைவில் இருக்கிறது

கேள்வி சுருக்கமாக இது: பழைய ஹார்ட் டிஸ்க்கில் சி, டி, இ என்று மூன்று பார்ட்டிஷன்கள் (டிஸ்க்கைப் பிரித்த பகுதிகள்) இருந்தன. புதிதாக ஒரு எஸ்.எஸ்.டி வாங்கி மாட்டி, அதில் விண்டோஸ் 10 நிறுவியாயிற்று. பழைய டிஸ்க்கும் உள்ளேயே இருக்கிறது. இப்போது எஸ்.எஸ்.டி-தான் சி. பழைய சி இப்போது டி ஆகிவிட்டது, பழைய டி இப்போது இ ஆகிவிட்டது, பழைய இ இப்போது எஃப் ஆகிவிட்டது. கணக்கு மென்பொருள் டி-யில் போய்த் தேடிவிட்டுத் தரவே இல்லை என்கிறது. பென் டிரைவும் ஒரு நாள் ஜி என்று வருகிறது, மறுநாள் எச் என்று வருகிறது. இந்த எழுத்துகளை யார், எந்தக் கணக்கில் கொடுக்கிறார்கள், ஏ-யும் பி-யும் எங்கே போயின?

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். தரவு எங்கும் போகவில்லை, ஒரு பைட்கூட நகரவில்லை. எழுத்து என்பது பார்ட்டிஷனின் மேல் எழுதி ஒட்டியிருக்கும் விஷயமே இல்லை. உங்கள் தரவு இருக்கும் அந்தப் பார்ட்டிஷனை முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார் வரை துருவினாலும் "நான்தான் டி" என்று எங்கேயும் இருக்காது. அந்தத் தகவல் இருந்தது பழைய விண்டோஸின் ரிஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில். நீங்கள் புதிதாக நிறுவிய விண்டோஸுக்கு அந்த ரிஜிஸ்ட்ரியைப் பற்றி ஒன்றும் தெரியாது, அது தான் இருக்கிற பார்ட்டிஷனுக்கு சி என்று வைத்துக்கொண்டு, மிச்சமிருப்பவற்றுக்குக் கண்ணில் பட்ட வரிசையில் டி, இ, எஃப் என்று கொடுத்துவிட்டது.

பழையபடி மாற்றிக்கொள்வது ஐந்து நிமிட வேலை. ஸ்டார்ட் பட்டன் மேல் வலது கிளிக் செய்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்து, பார்ட்டிஷன் மேல் வலது கிளிக் செய்து, "சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்" என்பதற்குப் போங்கள். ஒரே எழுத்தை ஒரே நேரத்தில் இரண்டுக்குக் கொடுக்க முடியாது என்பதால் மாற்றும் வரிசை முக்கியம்: இப்போது டி-யில் உட்கார்ந்திருக்கும் பழைய சி-யை முதலில் டபிள்யூ மாதிரி தூரத்து எழுத்துக்கு அனுப்புங்கள், அப்புறம் இ-யை டி ஆக்குங்கள், கடைசியாக எஃப்-ஐ இ ஆக்குங்கள். கணக்கு மென்பொருளை மூடிவிட்டுச் செய்யுங்கள். சி-யின் மேல் மட்டும் கைவைக்க முயல வேண்டாம், விண்டோஸ் விடாது. விடாமலிருப்பதும் நல்லதுதான், ஏனென்றால் ரிஜிஸ்ட்ரியில் ஆயிரக்கணக்கான இடங்களில் "சி:" என்று நேரடியாகவே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. எழுத்தை மாற்றினால் அவை எதுவும் தானாக மாறாது.

உடனடித் தீர்வு அவ்வளவுதான். இனி எழுத்து எப்படி வருகிறது என்ற கதை, கொஞ்சம் நீளம்.

டிஸ்க்கை ஓரெழுத்தால் கூப்பிடும் பழக்கம் பிசிக்கு முந்தையது. ஐபிஎம்மின் பெரிய கணினிகளில் ஓடிய சிஎம்எஸ் 1960களிலேயே அப்படிச் செய்தது. சிறிய கணினிகளுக்கு அதைக் கொண்டுவந்தது கேரி கில்டால் 1974-இல் எழுதிய சிபி/எம் என்ற இயக்க முறைமை (கணினியை நடத்தும் அடிப்படை மென்பொருள்). அதில் ஏ-யில் தொடங்கி 16 டிரைவ்கள் வரை போகலாம், நடைமுறையில் இரண்டு ஃபிளாப்பி டிரைவ்கள்தான் இருக்கும். சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸில் டிம் பேட்டர்சன் 1980-இல் எழுதிய டாஸ் என்ற இயக்க முறைமை, சிபி/எம் புரோகிராம்களை எளிதாக மாற்றிக் கொண்டுவர வேண்டும் என்பதற்காகவே அதன் நடைமுறைகளை அப்படியே பின்பற்றியது. அதை மைக்ரோசாஃப்ட் வாங்கியது, 1981 ஆகஸ்ட்டில் ஐபிஎம் பிசியோடு அது வெளிவந்தது, எழுத்துகளும் கூடவே வந்தன.

அந்த முதல் பிசியில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஒரு ஃபிளாப்பி அல்லது இரண்டு. முதலாவது ஏ, இரண்டாவது பி. 1983 மார்ச்சில் ஐபிஎம் எக்ஸ்டி 10 எம்பி ஹார்ட் டிஸ்க்கோடு வந்தபோது முதல் இரண்டு எழுத்தும் ஏற்கெனவே போயிருந்தன, அதனால் ஹார்ட் டிஸ்க் சி ஆனது. இதில் ஒரு வேடிக்கை: இயந்திரத்தில் ஒரே ஒரு ஃபிளாப்பி டிரைவ் இருந்தாலும் டாஸ் பி-யை விட்டுக்கொடுக்காது. அதே டிரைவை ஏ என்றும் பி என்றும் இரண்டு பெயரில் நடத்தும். நீங்கள் ஏ-யிலிருந்து பி-க்கு நகலெடுக்கச் சொன்னால், கொஞ்சம் படித்துவிட்டு "பி டிரைவுக்கான டிஸ்க்கைச் செருகி ஏதாவது ஒரு விசையை அழுத்துங்கள்" என்று நிற்கும். டிஸ்க்கை மாற்றிப் போட்டால் எழுதும். மறுபடி பழைய டிஸ்க்கைக் கேட்கும். ஒற்றை டிரைவை வைத்துக்கொண்டு ஃபிளாப்பிக்கு ஃபிளாப்பி நகலெடுக்க அதைவிட வேறு வழி இல்லை. ஆக, எப்படிப் பார்த்தாலும் சி-யில்தான் ஹார்ட் டிஸ்க் தொடங்கும் என்று நிலைத்துவிட்டது. இன்று ஃபிளாப்பியே இல்லாத இயந்திரத்திலும் விண்டோஸ் தானாக எழுத்து கொடுக்கும்போது சி-யிலிருந்துதான் எண்ணுகிறது. நீங்களாகக் கையால் கொடுத்தால் ஏ-யையும் பி-யையும் தாராளமாகப் பயன்படுத்தலாம், டிஸ்க் மேனேஜ்மென்ட் பட்டியலிலேயே அவை இருக்கும்.

டாஸுக்கு நினைவு என்று ஒன்று கிடையாது, ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் அது புதிதாக எண்ணும். எண்ணும் விதிதான் பலரை அந்தக் காலத்தில் அலைய வைத்தது. முதல் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பிரைமரி பார்ட்டிஷன் (டிஸ்க்கில் நேரடியாகப் போட்ட முக்கியப் பகுதி) சி. அடுத்து அதே டிஸ்க்கில் மற்ற பார்ட்டிஷன்களுக்குப் போகும் என்றுதானே நினைப்போம்? போகாது. இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கின் பிரைமரி பார்ட்டிஷனுக்குப் போகும், அது டி. எல்லா டிஸ்க்குகளின் முதல் பிரைமரியும் முடிந்த பிறகுதான் முதல் டிஸ்க்கின் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் இருக்கும் லாஜிகல் டிரைவ்களுக்கு வரும், பிறகு இரண்டாவது டிஸ்க்கின் லாஜிகல் டிரைவ்கள். அதெல்லாம் முடிந்த பிறகு சிடி டிரைவ் போல, டிரைவர் ஏற்றித் தெரிய வேண்டியவை.

பந்தியில் நடுவில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் அவருக்குப் பிறகு இருக்கிற எல்லாரும் ஒரு இலை தள்ளி உட்கார வேண்டியிருக்குமே, அதுதான் நடந்தது. சி, டி, இ என்று ஒரே டிஸ்க்கில் மூன்று, எஃப் சிடி டிரைவ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு ஹார்ட் டிஸ்க்கை வாங்கி மாட்டி அதில் ஒரு பிரைமரி பார்ட்டிஷன் போட்டால், அது டி-யில் வந்து உட்காரும், பழைய டி இ ஆகும், இ எஃப் ஆகும், சிடி ஜி-க்குப் போய்விடும். டி-யில் நிறுவிய புரோகிராம் எதுவும் ஓடாது. விளையாட்டு ஒன்று "எஃப்-இல் சிடியைப் போடு" என்று கேட்டுக்கொண்டே இருக்கும், சிடி ஜி-யில் சுழன்றுகொண்டிருக்கும். விஷயம் தெரிந்தவர்கள் இரண்டாவது டிஸ்க்கில் பிரைமரி பார்ட்டிஷனே போடாமல், முழுவதையும் எக்ஸ்டெண்டட் ஆக்கி உள்ளே லாஜிகல் டிரைவ் போடுவார்கள். அப்போது புதியவை எல்லாம் வரிசையின் கடைசியில் சேரும். சிடிக்கு, அதை டாஸுக்குக் காட்டும் எம்எஸ்சிடெக்ஸ் கட்டளையில் எழுத்தைச் சொல்லிவிடலாம், முன்கூட்டியே எம் அல்லது ஆர் என்று தூரமாக வைத்துவிட்டால் நடுவில் எது வந்தாலும் சிடி அசையாது. அதற்கு, டாஸ் தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் "லாஸ்ட்டிரைவ்=இசட்" என்று ஒரு வரி வேண்டும், இல்லாவிட்டால் டாஸ் இ வரைதான் இடம் ஒதுக்கும். நாவெல் நெட்வேர் என்ற சர்வர் மென்பொருள் ஓடிய அலுவலகங்களில் நெட்வொர்க் டிரைவ் எஃப்-இல் தொடங்கியதும் இதனால்தான். சில நிறுவனங்களில் எஃப் என்றால் சர்வர் என்ற பழக்கம் நெட்வேர் போன பிறகும் பல வருடங்கள் தொடர்ந்தது.

ஒரே டிஸ்க்கை ஏன் இத்தனை துண்டாகப் போட்டார்கள் என்றால், முதலில் வேறு வழி இல்லை. ஆரம்ப டாஸில் ஒரு பார்ட்டிஷன் 32 எம்பிக்கு மேல் போகாது. 1987-இல் வந்த டாஸ் 3.3 தான் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனைக் கொண்டுவந்து, பெரிய டிஸ்க்கைப் பல எழுத்துகளாகப் பிரிக்க விட்டது. பிறகு அந்த எல்லை 2 ஜிபியாக உயர்ந்து ஃபேட்16 என்ற கோப்பு முறையின் காலம் முழுக்க நின்றது. ஃபேட்32 வந்த பிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது. ஆனால் பழக்கம் போகவில்லை. அசெம்பிள் செய்து தரும் கடைகளில் இன்றும் கேட்காமலே சி-யில் விண்டோஸ், டி-யில் தரவு, இ-யில் படம் பாட்டு என்று பிரித்துத் தருவார்கள். என் கருத்து, ஒரே டிஸ்க்கை நாலாக வெட்டுவதால் பெரிய பயன் இல்லை, டிஸ்க் போனால் நாலும் சேர்ந்தே போகும். விண்டோஸை மறுபடி நிறுவும்போது தரவு தனியாக இருப்பது வசதி என்பது மட்டும் நியாயம், அதற்கு இரண்டு போதும்.

டி என்றால் தரவு என்று கை பழகிப்போனதில் ஒரு ஆபத்தும் உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் அஸூர் கிளவுட் சேவையில் விண்டோஸ் மெய்நிகர் இயந்திரம் எடுத்தால், பல வகைகளில் டி என்பது தற்காலிக டிஸ்க், இயந்திரம் வேறு சர்வருக்கு நகர்ந்தால் அதில் இருப்பது அழிந்துவிடும். எச்சரிக்கைக்காக அதற்குள்ளேயே ஒரு கோப்பு வைத்திருப்பார்கள். அதைத் திறந்து படிக்காமலே டேட்டாபேஸை அங்கே கொண்டுபோய் வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

சரி, விண்டோஸ் 95, 98 இரண்டும் டாஸின் மேல்தான் பூட் ஆயின, அதனால் அதே எண்ணும் முறைதான். விண்டோஸ் என்டி குடும்பம் (2000, எக்ஸ்பி, அதன் பின் வந்தவை) வேறு. அங்கே எழுத்து என்பது ஒரு சுட்டி மட்டுமே. விண்டோஸின் உள்மையமான கர்னலுக்குள் பார்ட்டிஷனின் உண்மைப் பெயர் "டிவைஸ், ஹார்ட்டிஸ்க்வால்யூம்4" என்பது போல இருக்கும், "டி:" என்பது அதைக் காட்டுகிற ஒரு குறியீட்டு இணைப்பு. இணைப்பை எடுத்துவிட்டால் டிரைவ் எக்ஸ்ப்ளோரரிலிருந்து மறையும், பார்ட்டிஷன் அங்கேயே இருக்கும். விண்டோஸ் 2000-இலிருந்து இந்த இணைப்புகளைப் பார்த்துக்கொள்வது மவுன்ட் மேனேஜர் என்ற டிரைவர். அதன் நினைவு இருக்கும் இடம் ரிஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சிஸ்டம் பகுதிக்குக் கீழே உள்ள "மவுன்டட் டிவைசஸ்".

அங்கே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பதிவு, எதிரே கொஞ்சம் பைட்கள். பார்ட்டிஷன் பட்டியலை எழுதும் பழைய முறையான எம்பிஆர் டிஸ்க்காக இருந்தால் 12 பைட்கள்: முதல் 4 பைட் டிஸ்க்கின் கையொப்பம், அடுத்த 8 பைட் அந்தப் பார்ட்டிஷன் டிஸ்க்கில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற எண். கையொப்பம் டிஸ்க்கின் முதல் செக்டாரில், 440-ஆவது பைட்டிலிருந்து இருக்கும். புதிய முறையான ஜிபிடி டிஸ்க்காக இருந்தால் கையொப்பத்துக்குப் பதில் பார்ட்டிஷனுக்கே உரிய 16 பைட் அடையாள எண். ஆக டிஸ்க் தன் அடையாளத்தை மட்டும்தான் சுமந்துகொண்டு வருகிறது. விண்டோஸ் அந்த அடையாளத்தைப் பார்த்து, தன் பட்டியலில் தேடி, "இதற்கு டி கொடுத்திருந்தேன்" என்று மறுபடி கொடுக்கிறது. கேபிளை வேறு சாட்டா போர்ட்டில் மாற்றிச் செருகினாலும் எழுத்து மாறாமல் இருப்பதும், அதே டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டினால் வேறு எழுத்து வருவதும் இதனால்தான். பட்டியலில் இல்லாத புதுமுகம் வந்தால், சி-யிலிருந்து தேடி முதலில் காலியாக இருக்கும் எழுத்து.

உங்கள் பென் டிரைவ் விஷயத்துக்கு விடையும் இதே பட்டியலில்தான். ஒரு எழுத்துக்கு ஒரே ஒரு பதிவுதான் இருக்க முடியும். நேற்று உங்கள் பென் டிரைவ் ஜி-யில் இருந்தது, பட்டியலில் ஜி-க்கு எதிரே அதன் அடையாளம். கழற்றிவிட்டீர்கள். இன்று நண்பர் ஒருவர் தன் பென் டிரைவைச் செருகுகிறார், ஜி காலி, ஜி-யைக் கொடுத்துவிடுகிறது, பதிவின் மேல் புதிய அடையாளம் எழுதப்படுகிறது. அது செருகியிருக்கும்போதே உங்களுடையதைச் செருகினால் எச் தான் கிடைக்கும். தூரத்து எழுத்து ஒன்றை, உதாரணமாக எம் அல்லது ஆர், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஒருமுறை கொடுத்துவிட்டால் அங்கே வேறு யாரும் தானாக வந்து உட்கார மாட்டார்கள், அந்தக் கணினியில் உங்கள் பென் டிரைவ் எப்போதும் அதே எழுத்தில் வரும். பேக்கப் எடுக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு இதைக் கட்டாயம் செய்துவிடுங்கள், பேக்கப் புரோகிராம்களில் பல எழுத்தை நம்பித்தான் இருக்கின்றன.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பென் டிரைவை விண்டோஸ் அடையாளம் காண்பது பெரும்பாலும் அதன் சிப்பில் இருக்கும் வரிசை எண்ணை வைத்து. மலிவான சில பென் டிரைவ்களில் அந்த எண் இருக்காது. அப்போது விண்டோஸ் எந்த யூஎஸ்பி போர்ட்டில் செருகினீர்கள் என்பதை வைத்துத் தானே ஒரு அடையாளம் செய்துகொள்ளும், முன்பக்கப் போர்ட்டில் ஒரு எழுத்தும் பின்பக்கப் போர்ட்டில் ஒரு எழுத்தும் வரலாம். அப்படி இருந்தால் எப்போதும் ஒரே போர்ட்டில் செருகுவது தவிர வேறு எளிய வழி இல்லை.

குளோன் செய்கிறவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். எக்ஸ்பி காலத்தில் ஒரு பிரபலமான கோளாறு: பழைய டிஸ்க்கைப் புதியதற்கு நகலெடுத்து, இரண்டும் மாட்டியிருக்கும்போதே ஒருமுறை பழையதிலிருந்து பூட் செய்வார்கள். இரண்டுக்கும் ஒரே கையொப்பம் இருக்கக் கூடாது என்பதால் விண்டோஸ் புதியதற்கு வேறு கையொப்பம் எழுதி, அதற்கு இ என்றோ எஃப் என்றோ ஓர் எழுத்தையும் கொடுத்துவிடும். பிறகு பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதிலிருந்து பூட் செய்தால், நகலெடுத்த நேரத்தைப் பொறுத்து, விண்டோஸ் தன்னைத்தானே சி என்று அடையாளம் காணாது. உள்நுழையும்போது ஓட வேண்டிய யூசர்இனிட் என்ற புரோகிராமின் முகவரி "சி:" என்று முழுதாக எழுதியிருக்கும், சி என்று ஒன்று இல்லை, ஆகவே கடவுச்சொல் கொடுத்தவுடன் உள்ளே போய் அதே வேகத்தில் வெளியே வந்துவிடும், எத்தனை முறை முயன்றாலும் அதேதான். விண்டோஸையே மறுபடி நிறுவியவர்கள் ஏராளம்; உண்மையில் வேறு கணினியில் மாட்டி மவுன்டட் டிவைசஸ் பதிவுகளை அழித்திருந்தாலே போதும். விண்டோஸ் 7 முதல் கையொப்பம் மோதினால் இரண்டாவது டிஸ்க்கை "ஆஃப்லைன்" என்று ஒதுக்கி வைக்கிறது. அதை ஆன்லைன் ஆக்கச் சொல்லி நீங்களே கிளிக் செய்தால் மறுபடி கையொப்பம் மாறும். குளோன் முடிந்ததும் கணினியை அணைத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, புதியதிலிருந்து முதல் பூட் செய்வது இன்றும் நல்ல பழக்கம்.

புதிதாக நிறுவும்போதும் மற்ற டிஸ்க்குகளைக் கழற்றி வைப்பது நல்லது. எக்ஸ்பி காலத்தில் நாலு துளை உள்ள கார்டு ரீடர் பொருத்திய கணினிகளில், கார்டு ஒன்றுகூடப் போடாத நிலையிலும் ஒவ்வொரு துளையும் ஓர் எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு பார்ட்டிஷன் போட்டு நிறுவினால் விண்டோஸ் ஜி-யிலோ எச்-இலோ போய் உட்காரும், பின்னால் மாற்றவே முடியாது. விஸ்டாவிலிருந்து, நிறுவும் டிஸ்க்கிலிருந்து பூட் செய்து நிறுவினால் எப்போதும் சி தான் வரும், அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனால் வேறு டிஸ்க்குகள் மாட்டியிருந்தால் பூட் கோப்புகளை அதில் எதிலாவது வைத்துவிட்டு, விண்டோஸை மட்டும் எஸ்.எஸ்.டி-யில் நிறுவும் பழக்கம் இன்றும் இருக்கிறது. உங்களுக்கும் அப்படி ஆகியிருக்கலாம். பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒருமுறை பூட் ஆகிறதா என்று பார்த்துவிடுங்கள், ஆகாவிட்டால் அந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யாதீர்கள்.

எழுத்தே கொடுக்கக் கூடாத பார்ட்டிஷன்களும் உண்டு. கணினியைத் தொடங்கிவைக்கும் யூஇஎஃப்ஐ பூட் பார்ட்டிஷன், மீட்புப் பார்ட்டிஷன் இரண்டும் அந்த வகை. ஜிபிடியில் "இதற்குத் தானாக எழுத்து தராதே" என்று சொல்ல ஒரு பிட்டே இருக்கிறது. 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டுக்குப் பிறகு சில கணினிகளில் இந்த மீட்புப் பார்ட்டிஷன் ஓர் எழுத்தோடு வெளியே வந்து, "டிஸ்க்கில் இடமில்லை" என்று நிமிடத்துக்கு நிமிடம் எச்சரித்தது. அப்படி வந்தால் எழுத்தை மட்டும் நீக்கிவிடுங்கள், டிஸ்க் மேனேஜ்மென்ட் விடாவிட்டால் கமாண்ட் பிராம்ப்ட்டில் மவுன்ட்வால் கட்டளையில் எழுத்தைச் சொல்லி அதன் பின் சாய்கோடு டி (/D) போட்டால் போகும்.

நெட்வொர்க் டிரைவ்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து, இசட்டிலிருந்து கீழ்நோக்கி வருகின்றன, டிஸ்க்குகளோடு மோதக் கூடாது என்பதற்காக. நீங்களாக எஃப் அல்லது ஜி கொடுத்தால் மோதும். காரணம், நெட்வொர்க் எழுத்துகள் அந்தந்தப் பயனரின் உள்நுழைவுக்கு மட்டும் உரிய தனிப் பட்டியலில் இருக்கின்றன, டிஸ்க் எழுத்துகள் எல்லாருக்கும் பொதுவான பட்டியலில். எக்ஸ்பியில் மவுன்ட் மேனேஜர் பொதுப் பட்டியலை மட்டும் பார்த்து "ஜி காலி" என்று பென் டிரைவுக்குக் கொடுத்துவிடும், உங்கள் பட்டியலில் ஜி என்பது சர்வர், விண்டோஸ் முதலில் பார்ப்பது உங்கள் பட்டியலை. பென் டிரைவ் செருகிய சத்தம் கேட்கும், விளக்கு எரியும், எக்ஸ்ப்ளோரரில் மட்டும் இருக்காது. அலுவலகங்களில் "பென் டிரைவ் போச்சு" என்று தூக்கிப் போட்டவற்றில் பல இந்தக் கணக்கில் வரும். இதே தனிப்பட்டியலால்தான், அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் உங்கள் இசட் தெரிவதில்லை: விஸ்டாவிலிருந்து அட்மின் உரிமையோடு ஓடுவது வேறொரு உள்நுழைவாகக் கணக்காகிறது. அங்கே எழுத்தை விட்டுவிட்டு, இரண்டு பின்சாய்கோடு (\\) போட்டு சர்வர் பெயரோடு தொடங்கும் முழு முகவரியைக் கொடுங்கள்.

26 எழுத்தும் தீர்ந்தால் என்ன ஆகும் என்று சிலருக்குக் கேள்வி வரும். புதிய டிஸ்க்குக்கு எழுத்து கிடைக்காது, அவ்வளவுதான். விண்டோஸ் 2000 முதல் எழுத்தில்லாமல் ஒரு காலி ஃபோல்டரில் டிஸ்க்கைப் பொருத்திக்கொள்ளலாம், நிறைய டிஸ்க் உள்ள சர்வர்களில் அப்படித்தான் செய்கிறார்கள். நான் வீட்டுக் கணினியிலும் அதை விரும்புவேன், ஆனால் பழைய கணக்கு மென்பொருள்கள் அதற்கு ஒத்துவருவதில்லை.

லினக்ஸில் எழுத்து இல்லை என்பார்கள், பாதி உண்மை. எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று அங்கேயும் வரிசை எழுத்து இருக்கிறது, கோப்புகளைத் தேடிப் போகும் முகவரியில்தான் அது வருவதில்லை. பழைய ஐடிஇ கேபிள் காலத்தில் எச்டிஏ என்றால் முதல் கேபிளின் மாஸ்டர் (முதல் டிஸ்க்), எச்டிபி என்றால் அதன் ஸ்லேவ் (இரண்டாவது டிஸ்க்) என்று கம்பியோடு கட்டிய பெயர். எஸ்டி பெயர்கள் அப்படி இல்லை, கர்னல் கண்டுபிடித்த வரிசை, எந்த டிஸ்க் முந்திப் பதில் சொல்கிறதோ அது எஸ்டிஏ. இன்று எஸ்டிபி-யாக இருந்தது நாளை யூஎஸ்பி டிஸ்க் ஒன்று செருகியிருந்தால் எஸ்டிசி ஆகலாம், அதாவது பழைய டாஸின் அதே வியாதி. அதனால்தான், எந்த டிஸ்க்கை எங்கே பொருத்துவது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எஸ்டிபி1 என்று எழுதாமல், யூயூஐடி என்ற அடையாள எண்ணை எழுதச் சொல்கிறார்கள். பிஎல்கேஐடி கட்டளை அதைக் காட்டும்.

கடைசியாக ஒன்று, உங்களுக்கு இப்போது தேவையில்லாவிட்டாலும். விண்டோஸ் பூட் ஆகாமல் மீட்புத் திரையின் கமாண்ட் பிராம்ப்ட்டுக்குப் போக நேர்ந்தால், அங்கே ஓடுவது வேறொரு குட்டி விண்டோஸ். தான் இருக்கும் இடத்துக்கு எக்ஸ் என்று வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்குத் தன் கணக்கில் எழுத்து கொடுத்திருக்கும். உங்கள் சி அங்கே டி-யாக இருக்கலாம், சி என்று தெரிவது நூறு எம்பி பூட் பார்ட்டிஷனாக இருக்கலாம், அல்லது உங்கள் தரவு டிஸ்க்காகவே இருக்கலாம். அங்கே எழுத்தை நம்பி எந்தக் கட்டளையும் அடிக்க வேண்டாம். டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக்குள் போய் "லிஸ்ட் வால்யூம்" அடித்தால் அளவும் லேபிளும் வரும். லேபிள், எழுத்தைப் போல இல்லாமல், பார்ட்டிஷனுக்குள்ளேயே எழுதப்பட்டது, எந்தக் கணினிக்குப் போனாலும் கூடவே போகும். எனவே இன்றைக்கு எழுத்துகளை மாற்றும்போதே ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் "கணக்கு", "படங்கள்", "பழைய விண்டோஸ்" என்று பெயரும் வைத்துவிடுங்கள், எக்ஸ்ப்ளோரரில் ரீநேம் செய்தாலே போதும்.